‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்று யார் சொன்னது?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

2022 ஏப்ரலில், ஊர் பங்குனிப் பொங்கலின்போது, முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் வாய்த்தகராறு. அது கைகலப்பானது. எதிர்த்தரப்பில் ஒருவருக்கு நெற்றியில் மூன்று தையல். ஐந்து பேர் மீது எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதில் இவர் மூன்றாவது எதிரி (அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர்). அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இவருடைய தம்பி நான்காவது எதிரி. இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள்: 294(பி), 323, 324, 506(2). இவர் கைதாகி ஒன்பது நாள் கிளைச்சிறையில் இருந்தார். ஜாமீன் கிடைத்து, பதினைந்து நாள் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டார். தம்பியைக் கைது செய்யவில்லை. அழைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசி முடித்தார்கள். புகார் கொடுத்தவரும் இவரும் இப்போது ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். “கேஸ் முடிஞ்சிருச்சு தம்பி, இனிமே வர வேண்டாம்” என்று வக்கீல் குமாஸ்தா சொல்ல, இவரும் மறந்துவிட்டார்.

இப்போது வளைகுடாவில் வெல்டர் வேலை வந்திருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று குறித்திருக்கிறார். போலீஸ் விசாரணையில் வழக்கு இருப்பதாக அறிக்கை போக, பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. தம்பியோ இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்திறன் இரண்டையும் தாண்டி, பின்னணிச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாசகர் கேட்பவை: ஜாமீனில் வந்து கண்டிஷன் கையெழுத்தும் முடித்தாயிற்று, அப்புறம் எப்படி வழக்கு இருக்கும்? மூன்று வருஷம் தாண்டினால் கேஸ் செல்லாது என்கிறார்களே? கோர்ட்டில் ஃபைன் கட்டி ஒரே நாளில் முடித்துவிடலாமா? பெயரை ரெக்கார்டிலிருந்து அழிக்க வழி என்ன?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த 40,000 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் அசல் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். நடுவர் அதைப் பார்த்து, எத்தனை மணிக்கு வந்தது என்று கையெழுத்திட்டு வைத்திருப்பார். கணினியிலும் அது ஏறியிருக்கும். அந்தத் தாளிலிருந்து ஒரு பெயரை எடுக்க இன்ஸ்பெக்டருக்கே அதிகாரம் கிடையாது. இடையில் நிற்கும் ஆளுக்கு எங்கிருந்து வரும்? விசாரித்து, ‘இவர் மீது குற்றம் இல்லை’ என்று நீதிமன்றத்துக்கு இறுதி அறிக்கை கொடுக்கப் போலீசாரால் முடியும். அதற்கும் நீதிமன்றம் தலையாட்ட வேண்டும். உங்கள் வழக்கில் அந்தக் கட்டம் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

ஜாமீன் என்பது வழக்கின் முடிவு அல்ல. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவர் பதினைந்து நாள்வரை ஒரே தடவையில் காவலில் வைக்கலாம். உங்களை வைத்தார், ஒன்பதாம் நாள் ஜாமீன் கொடுத்தார். (ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் பிரிவுகள் எல்லாமே அதற்குள் அடக்கம். அந்த ஒன்பது நாளே தேவையில்லாதது என்று அன்றைக்கு வாதாடியிருக்கலாம். இப்போது பேசிப் பயனில்லை.) ஜாமீனில் வரும்போது நீங்களும் ஜாமீன்தாரர்களும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள் அல்லவா? அதன் சாரம் ஒரு வரிதான்: கூப்பிடும்போதெல்லாம் கோர்ட்டுக்கு வருவேன். பதினைந்து நாள் கையெழுத்து முடிந்தது. அந்தப் பத்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே இன்று மாலையே உங்களுக்கு ஜாமீன் நின்றவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கோர்ட்டிலிருந்து ஏதாவது நோட்டீஸ் வந்ததா? எதிரி வாய்தாவுக்கு வராமல் போனால் முதலில் சம்மன், அப்புறம் பிடிவாரண்ட், கூடவே ஜாமீன்தாரர்களுக்கு ‘ஏன் தொகையைக் கட்டச் சொல்லக் கூடாது’ என்று நோட்டீஸ். என் அனுபவத்தில் பாதிப் பேர் தங்கள் மீது வாரண்ட் இருப்பதையே, ஜாமீன் நின்ற மாமா கோபமாக ஃபோன் செய்யும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

வழக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்திலும் ஒரு எண் இல்லை. சி.சி. நம்பர். குற்ற எண் போலீஸ் போடுவது, சி.சி. நம்பர், குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகு கொடுப்பது. இந்த இரண்டாவது எண் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் உங்கள் பாதையே மாறும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ மாவட்டம், நீதிமன்றம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். கிடைத்தால் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் வரும், அதை எழுதி வைத்துக்கொண்டால் இனி எப்போதும் அது ஒன்று போதும். இணையத்தில் கிடைக்கவில்லை என்பதால் வழக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழைய வழக்குக் கட்டுகள் சில ஏறாமல் இருக்கும், காவல் நிலையத்தின் பெயரைத் தவறாக ஏற்றியிருப்பார்கள். ஒரு வக்கீலை அனுப்பி, நீதிமன்ற அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வக்கீலே போதும் என்றால் சரி. மாற்ற நினைத்தால் அவரிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு புதிய வக்காலத்து போட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கட்டு அவரிடம்தான் இருக்கிறது. கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் அமர்த்துவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

பதிவேட்டில் மூன்றில் ஒன்று தெரியவரும்.

ஒன்று, குற்றப்பத்திரிகையே போகவில்லை, எஃப்.ஐ.ஆர். மட்டும் கிடக்கிறது. அப்படியானால் பாஸ்போர்ட் பிரச்சினை எளிது. பாஸ்போர்ட் சட்டம், 1967இன் 6(2)(எஃப்) பிரிவு, ‘குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில்’ இருந்தால்தான் மறுக்கச் சொல்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். அதில் வராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் குறிப்பாணை கொடுத்திருக்கிறது. பதிலில் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இரண்டு, சி.சி. நம்பர் ஆகி, சம்மன் கட்டத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மூன்று, பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது. பதற வேண்டாம், ஒளியவும் வேண்டாம். வாரண்ட் தானாகக் காலாவதி ஆகாது. நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அப்படியே இருக்கும். போலீஸ் வந்து பிடிப்பதற்கு முன் நீங்களே வக்கீலோடு ஆஜராகி, வராமல் போனதற்கான காரணத்தைச் சொல்லி, திரும்பப் பெறும்படி மனு போடுங்கள். தானாக வந்து நிற்கிறவரை நடுவர்கள் பார்க்கும் விதமே வேறு. அதோடு, ஊர் மாறியிருந்தால் புதிய முகவரியையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

மூன்று வருஷக் கணக்கு

இதை யார் கிளப்பிவிட்டார்களோ, மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். முழுப் பொய்யும் அல்ல. அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷம்வரை தண்டனை உள்ளதற்கு ஒரு வருஷம், மூன்று வருஷம்வரை தண்டனை உள்ளதற்கு மூன்று வருஷம். அதற்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வராவிட்டால் அப்புறம் எடுக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குற்றப்பத்திரிகை போய்ச் சேர்ந்த தேதிதான் இங்கே கணக்கு. அந்தத் தேதி காலத்துக்குள் இருந்தால், அதற்குப் பிறகு வழக்கு பத்து வருஷம் இழுத்தாலும் செல்லாமல் போகாது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உங்கள் பிரிவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். 294(பி) ஆபாசமாகத் திட்டியது, மூன்று மாதம்வரை. 323 காயப்படுத்தியது, ஒரு வருஷம்வரை. 324 ஆயுதத்தால் காயம், மூன்று வருஷம்வரை. 506(2) கொலை மிரட்டல், ஏழு வருஷம்வரை. பல பிரிவுகள் சேர்ந்த வழக்கில் எதற்குத் தண்டனை அதிகமோ அதை வைத்துத்தான் காலவரம்பைப் பார்ப்பார்கள். ஏழு வருஷப் பிரிவுக்குக் காலவரம்பே இல்லை. ஊர்ச் சண்டை எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் கடைசியில் “உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று மிரட்டிச் சென்றனர்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எதற்கு என்று இப்போது புரிகிறதா? அதேநேரம், கோபத்தில் வாயில் வந்த வார்த்தை வேறு, உண்மையாகவே பயமுறுத்திய மிரட்டல் வேறு. அந்த வரியை உயர் நீதிமன்றத்தில் உடைக்க முடிந்த வழக்குகள் நிறைய உண்டு.

இன்னொரு சின்ன விளக்கம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. சம்பவம் 2022இல் நடந்ததால் உங்களுக்குக் குற்றப் பிரிவுகள் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படியேதான். இனிமேல் போடும் மனுக்களில் மட்டும் புதிய பிரிவு எண்கள் வரும். வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவுக்குப் பழைய 482, இப்போது 528. எண் மாறியதே தவிர அதிகாரம் அதேதான்.

ஃபைன் கட்டி முடிக்கலாமா?

வேண்டாம். இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுத ஆசை.

“ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ, சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயிரலாம்” என்று கோர்ட் வராந்தாவில் சொல்ல ஆள் இருப்பார்கள். சொல்கிறவருக்கு அது ஒரு கட்டு குறைந்த நிம்மதி. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்பு. இனி எந்தப் படிவத்தில் ‘தண்டிக்கப்பட்டுள்ளீர்களா’ என்று கேட்டாலும் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் போலீஸ் நற்சான்றிலும் அது வந்து நிற்கும். நிலுவையிலுள்ள வழக்கைவிட ஃபைன் கட்டி முடித்த வழக்கு பல இடங்களில் கூடுதலாகக் காயப்படுத்தும். குற்றம் நிரூபணமாகி, நடுவர் நன்னடத்தை அடிப்படையில் விட்டுவிட நினைக்கும் நிலை வந்தால், வெறும் அபராதத்துக்குப் பதில் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கேளுங்கள்; அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் உங்கள் கதை அந்த இடம்வரை போக வேண்டியதில்லை.

ஊரில் பேசிய சமாதானம்

சமாதானம் ஆனது நல்லதுதான். ஆனால் அது ஊருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது. நடுவரிடமே போய் ராஜியாகிவிட்டோம் என்றால் முடித்துவிடுவாரா? எல்லாப் பிரிவுகளையும் அல்ல. 323ஐ அடிபட்டவர் ராஜி செய்துகொள்ளலாம். 294(பி), 324 இரண்டும் ராஜியாகக்கூடிய பட்டியலில் இல்லை. அதனால் இந்த வழக்கை மொத்தமாக முடிக்கும் இடம் உயர் நீதிமன்றம். உங்களுக்கு மதுரைக் கிளை. தனிப்பட்ட தகராறில் இரு தரப்பும் உண்மையாகவே சமாதானம் ஆகியிருந்தால், ராஜியாகாத பிரிவாக இருந்தாலும் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரியான கொடிய குற்றங்களுக்கு அந்த வழி கிடையாது. நெற்றியில் மூன்று தையலுக்கு உண்டு.

நடைமுறை இப்படி: கூட்டுச் சமாதான மனு தயாராகும். அதில் புகார் கொடுத்தவர், அடிபட்டவர், மனுவில் சேரும் எதிரிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். புகார் கொடுத்தவரும் அடிபட்டவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இரண்டு பேருமே வேண்டும். இதை மறந்துவிட்டு வந்து திரும்பிப் போனவர்கள் நிறைய. ஆதார் நகலோடு நேரில் ஆஜராக வேண்டியிருக்கும், ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து இவர்தான் இன்னார் என்று அடையாளம் சொல்வார். நீதிபதி புகார்தாரரைப் பார்த்து, யாராவது மிரட்டினார்களா, பணம் கொடுத்தார்களா என்று கேட்பார். அவர் சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். டீக்கடைச் சிநேகம் இங்கேதான் கைகொடுக்கும்.

உங்களுக்கு, அதாவது அண்ணனுக்கு, இந்த வழியைத்தான் சொல்வேன். சாட்சிகள் பல்டி அடித்து விடுதலை ஆவதற்குக் காத்திருந்தால் வருஷங்கள் ஓடும். வெல்டர் வேலை காத்திருக்காது.

தம்பிக்கு வேறு கணக்கு

இங்கேதான் உங்கள் வழக்கு மற்ற ஊர்ச் சண்டை வழக்குகளிலிருந்து விலகுகிறது. உங்களுக்கு வழக்கு முடிந்தால் போதும். தம்பிக்கு அது எந்த வார்த்தையோடு முடிகிறது என்பது முக்கியம்.

தமிழ்நாட்டில் காவலர் பணி விதிகள் கடுமையானவை. வழக்கில் விடுதலையானாலே தகுதி என்று கிடையாது. சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானால், அந்த நபர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று விதியிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அடிதடி வழக்குகளில் பெரும்பாலான விடுதலை இந்த இரண்டில் ஒன்றுதான். கௌரவமான விடுதலை (குற்றம் செய்யவில்லை என்றே விடுவிப்பது), அல்லது தவறான தகவலின் பேரில் பதிவான வழக்கு என்று முடித்தல், இவை வந்தால் ஏற்பார்கள். அப்போதும் அடுத்த ஆள்சேர்ப்பில்தான் உரிமை கோர முடியும். சமாதானத்தின் பேரில் ரத்தாவதும் தம்பிக்கு முழுக் கவசம் ஆகாது. ‘குற்றமே செய்யவில்லை என்றா ரத்தானது? ராஜியால்தானே ரத்தானது’ என்று தேர்வு வாரியம் கேட்கும்.

சரி, அப்புறம் என்ன செய்வது? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தம்பி பிறந்தது 2004 நவம்பர். எஃப்.ஐ.ஆரில் வயது 19 என்று போட்டிருக்கிறார்கள், அது தப்பு, ஆனால் பெரிய விஷயமில்லை என்கிறீர்கள். பெரிய விஷயமே அதுதான். சம்பவம் 2022 ஏப்ரல். அன்று அவருக்கு 17 வயது 5 மாதம். சட்டத்தின் கண்ணில் அவர் சிறார்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி சிறாரையும் பெரியவர்களையும் ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கக் கூடாது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், ‘சம்பவத்தன்று நான் சிறார்’ என்று மனு போடலாம். இப்போது 21 வயது ஆகிவிட்டது என்பது தடையல்ல. நடுவர் வயதை விசாரித்து உறுதி செய்ததும், தம்பியின் பகுதி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்விடும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழுமம் குற்றம் நிரூபணமாயிற்று என்று முடிவு செய்தால்கூட அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்கிறது. நம் நாட்டில் குற்ற ஆவணத்தை அழிக்கச் சொல்லி நேரடியாகச் சட்டம் எழுதிய இடங்கள் மிகச் சில. உங்கள் வீட்டுக்கு அதில் ஒன்று வாய்த்திருக்கிறது. சிறார் பருவத்து வழக்கைக் காட்டி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் வேலை மறுத்த ஒரு வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் இளைஞர் பக்கம் நின்றதையும் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. எஃப்.ஐ.ஆரில் தம்பி என்ன செய்தார் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா, அல்லது ‘உடன் வந்தவர்களும் சேர்ந்து தாக்கினர்’ என்று பொதுவாக முடிகிறதா? இரண்டாவது என்றால், சமாதானத்தைத் தொடாமல், குற்றச்சாட்டே இல்லை என்ற அடிப்படையில் தம்பிக்கு மட்டும் தனியாக ரத்து மனு போடலாம். ஆகவே அண்ணன் தம்பி இருவரையும் ஒரே சமாதான மனுவில் சேர்க்காதீர்கள். செலவு மிச்சம் என்று வக்கீலே சொன்னாலும் யோசியுங்கள்.

சரிபார்ப்புப் படிவத்தில் தம்பி எதையும் மறைக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. சிறார் வழக்கைச் சொல்லத் தேவையில்லை என்று வாதாட இடம் உண்டுதான். ஆனால் இங்கே எஃப்.ஐ.ஆர். வயதைத் தப்பாகச் சொல்கிறது, போலீஸ் பதிவில் பெயர் நிற்கிறது. வழக்கு எண், சம்பவத் தேதி, பிறந்த தேதி, நிலுவையிலுள்ள மனு விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. மறைத்ததால் வேலை போவதும், சொல்லியும் அதிகாரி பரிசீலித்து முடிவெடுப்பதும் வேறு வேறு என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியிருக்கிறது.

பாஸ்போர்ட் கடிதத்துக்குப் பதில்

உங்கள் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று குறித்தது தவறு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இரண்டு வருஷம்வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே பதிலில் சால்ஜாப்பு வேண்டாம். ஜாமீனுக்குப் பிறகு சம்மன் எதுவும் கைக்கு வரவில்லை, வழக்கு முடிந்துவிட்டதாக நம்பினேன், இப்போது நிலவரம் இது, இந்த நீதிமன்றத்தில் இந்த மனு போட்டிருக்கிறேன் என்று எழுதுங்கள். சம்மன் வந்திருந்தால் வரவில்லை என்று எழுதாதீர்கள். கடிதத்தில் கொடுத்த கெடுவுக்குள் பதில் போக வேண்டும்; ஆவணம் தயாராகவில்லை என்றால் அவகாசம் கேட்டாவது ஒரு பதில் போகட்டும்.

வழக்கு ரத்தாகும்வரை காத்திருக்காமல் இன்னொரு வழியும் இருக்கிறது. 1993 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புப்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றமே அனுமதி கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். அந்த மனுவில் ஒரு விஷயத்தைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். எத்தனை ஆண்டுக்கு என்று உத்தரவில் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அதை வைத்து வளைகுடா வேலை விசா வாங்குவது பெரும்பாடு. காலத்தை மனுவிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். பாஸ்போர்ட் வாங்க அனுமதி வேறு, வெளிநாடு போக அனுமதி வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘ரெக்கார்டை அழிப்பது’

சில நாடுகளில் இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தால் பழைய குற்றப் பதிவை முத்திரையிட்டு மூடிவிடுவார்கள். நம்மிடம் பெரியவர்களுக்கு அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. வழக்கு ரத்தானாலும் எஃப்.ஐ.ஆர். எண் பதிவேட்டில் இருக்கும். அதன் எதிரே ‘ரத்து செய்யப்பட்டது’ என்று ஏற வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை ஏற்றுவது யார் பொறுப்பு? நடைமுறையில் உங்கள் பொறுப்பு. உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு நான்கைந்து பிரதி வாங்குங்கள். ஒன்று நடுவர் நீதிமன்றத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று எஸ்.பி. அலுவலகத்தில் இருக்கும் மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துக்கு, ஒன்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்டேஷனுக்குப் போய், கணினியில் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விடுதலையாகி ஆறு வருஷம் கழித்தும் திரையில் ‘விசாரணையில்’ என்றே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கையில் தீர்ப்பு நகல் ஒன்றுகூட இல்லை.

இணையத்தில் தீர்ப்பில் பெயர் வருவது தனிப் பிரச்சினை. விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படிவங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’, ‘தண்டிக்கப்பட்டீர்களா’, ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ இவை மூன்று வெவ்வேறு கேள்விகள். வழக்கு ரத்தான பிறகு முதல் இரண்டுக்கும் தாராளமாக இல்லை என்று எழுதலாம். மூன்றாவதற்கு, அந்த ஒன்பது நாளை மனதில் வைத்து, ஆம் என்று எழுதி உத்தரவு நகலை இணையுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் உத்தரவு, பாஸ்போர்ட் அலுவலகக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதை நிரூபிக்கச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றைத்தான். ஆதார் அட்டையை நம்பிப் போகாதீர்கள்.